குளச்சல் கடையில் ஓடும் 2013-ஆம் ஆண்டுக் கணினி: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

குளச்சலில் கடற்கரையை ஒட்டித் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை நடத்தும் நண்பர் கேட்டிருப்பது இது. கணினி 2013-இல் வாங்கியது; இன்டெல் கோர் ஐ3-3220 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் போட்டால் வேலைக்கு வர ஏழெட்டு நிமிடம் ஆகிறது. இரண்டு மூன்று ஃபைல்களைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. மின்சாரம் போய் வந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது. பிரிண்ட் கொடுக்கும்போது சில வேளைகளில் தானாக அணைகிறது. காட்டிய கடையில் "போர்டு போய்விட்டது, முழுவதையும் மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். இதில் பணம் போடலாமா, புதிதே வாங்கிவிடலாமா என்பது கேள்வி.

பணம் போடலாம், ஆனால் அளவோடும் ஒரு வரிசையோடும் போட வேண்டும். மதர்போர்டு கெட்டிருந்தால் கணினி பெரும்பாலும் எழவே எழாது, அல்லது எழுந்த சிறிது நேரத்தில் நீலத்திரை காட்டி நிற்கும். ஏழெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டாலும் தினமும் எழுந்து நாள் முழுவதும் வேலை செய்கிற கணினிக்கு அந்தத் தீர்ப்பை எழுதுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. நீங்கள் சொன்ன குறைகளுக்கெல்லாம் ஒரே காரணம் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மெதுவாக ஓடுவது ஒரு நோய், தேதி மாறுவது வேறொரு நோய், பிரிண்ட் எடுக்கும்போது அணைவது மூன்றாவது நோய் என்றே நான் பார்க்கிறேன்.

முதலில் மெதுவாக ஓடுவதை எடுத்துக்கொள்வோம். கணினி எழுந்த பிறகு பத்து நிமிடம் எதையும் தொடாமல் விட்டுவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குச் செல்லுங்கள். உங்கள் கணினியில் சிபியு பத்து, இருபது சதவீதத்தில் சும்மா இருக்கும்; மெமரி எண்பது, தொண்ணூறு சதவீதம் நிரம்பியிருக்கும்; டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் நிற்கும், ஆனால் அதற்குக் கீழே காட்டும் படிக்கும் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பியைத் தாண்டாது. இந்தக் காட்சியைக் கண்டால் குற்றவாளி பிராசஸர் அல்ல என்று உறுதி செய்துகொள்ளலாம். சிபியு வேலையின்றிக் காத்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்து தந்தால்தான் அதனால் எதையும் செய்ய முடியும்.

ஹார்ட் டிஸ்க் நூறு சதவீதம் உழைத்தும் ஒன்றிரண்டு எம்பி மட்டும் தருவதற்கு அதன் உள்ளமைப்பே காரணம். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லிநொடி ஆகிறது. வேண்டிய இடம், தட்டிலிருந்து தரவைப் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு சிறு துண்டைப் படிக்கப் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிநொடி ஆகிறது என்றால், நொடிக்கு எண்பது துண்டுகள் அளவில்தான் படிக்க முடியும். ஒரே பெரிய வீடியோவை நகலெடுக்கும்போது இது தெரியாது, ஏனென்றால் அப்போது தலை அதிகம் அலைவதில்லை. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்கள் வட்டின் மூலை முடுக்கெல்லாம் சிதறிக் கிடக்கும். ஆன்டிவைரஸ், அப்டேட், தேடல் அட்டவணை ஆகியவையும் அதே வேளையில் அதே தலையைத்தான் இழுக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லாததால் அதே சிறு துண்டை ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடுகிறது. விண்டோஸ் 10 வேகமடைய அந்தச் சர்வீசை நிறுத்து, இந்த அனிமேஷனை அணை என்று சொல்லித்தரும் குறிப்புகள் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டாலும் ஒரு மாதம் நன்றாக இருக்கும். அதன் பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிடும்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் தரவை வெளியே எடுத்துவிடுங்கள். "முக்கியமானதெல்லாம் டி டிரைவில் இருக்கிறது, பயமில்லை" என்று நம் பக்கத்தில் பலரும் சொல்வார்கள். சி, டி, இ என்று மூன்றாகக் காட்டுவதெல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்ட தடுப்புகள்தாம். அந்த டிஸ்க் போனால் மூன்றும் சேர்ந்தே போகும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீலம் என்றால் இப்போதைக்குக் குறையில்லை. மஞ்சள் என்றால் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளையும் கவனியுங்கள். கெட்டுப்போய் மாற்றி வைக்கப்பட்ட இடங்கள், படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்கள், கைவிடப்பட்ட இடங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையை அவை காட்டும். அந்த எண்கள் நாளுக்கு நாள் ஏறினால் அன்றே நகலெடுங்கள். சி7 என்ற வரி மட்டும் ஏறினால் டிஸ்க்கின் மீது பழி போடாதீர்கள். அது பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் கோளாறு, கேபிளை மாற்றினாலே நின்றுவிடும்.

தட்டச்சுக் கடை என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆவணங்களை எடுத்தவர்கள் எழுத்துருக்களை எடுக்க மறந்துவிடுகிறார்கள். பாமினி போன்ற பழைய, யுனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்த திருமண அழைப்பிதழும் கண்ணீர் அஞ்சலியும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் போல்டரை முழுவதுமாக ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். தட்டச்சுப் பலகை மென்பொருளின் இன்ஸ்டாலர், அதன் லைசென்ஸ் எண், பிரிண்டர், ஸ்கேனர் டிரைவர்கள் ஆகியவற்றையும் கையோடு எடுத்துவிடுங்கள்.

இனி, உங்கள் இடத்துக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் ஓடும் கணினியைத் திறந்தாலே தெரியும். பின்பக்கத் தகட்டில் திருகுகளைச் சுற்றித் துரு பூத்திருக்கும். யுஎஸ்பி வாய்களின் விளிம்பு மங்கியிருக்கும். ராமை உருவிப் பார்த்தால் பொன்னிறமாக இருக்க வேண்டிய பற்களில் இரண்டு மூன்று கறுத்தும், ஓரம் லேசாகப் பச்சை படிந்தும் இருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் கடலிலிருந்து வீசும் காற்று உப்புத் துளிகளைச் சுமந்து வருகிறது; அந்த உப்பு படிந்த தூசி காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்து உலோகத்தை மெல்ல அரிக்கிறது. இப்படிப்பட்ட கணினி சில நாள் எழும், சில நாள் விசிறி மட்டும் சுற்றித் திரை வராமல் நிற்கும், தட்டினால் வரும். இதைத்தான் பல இடங்களில் அவசரப்பட்டுப் போர்டு போய்விட்டது என்கிறார்கள்.

செய்ய வேண்டியது எளியது. பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். வாசலுக்குக் கொண்டுவந்து ப்ளோயரால் தூசியை ஊதுங்கள். ஊதும்போது விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ராமின் பற்களை வெள்ளை அழிரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். ராம் பொருந்தும் வாய்க்கு மின் இணைப்புகளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும். உப்புத்தாளை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஏனென்றால் மெல்லிய தங்கப் பூச்சு போய்விட்டால் அடுத்த ஆடிக்குள் அது முழுவதும் கறுத்துவிடும். சாட்டா கேபிள்களையும் பவர் இணைப்புகளையும் இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினால் முனைகளில் படிந்த படலம் உரசிப் போகும்.

வேலை முடிந்து அணைத்தவுடன் கணினியைப் பிளாஸ்டிக் உறையால் மூடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகிறது. துணி உறை போதும். கடலைப் பார்த்த சன்னலுக்கு அடியில் கணினி இருந்தால் எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். நீண்ட விடுமுறை வந்தாலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடுவது நல்லது. உள்ளே ஏறும் சூடு ஈரத்தை விரட்டும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் உப்பு இல்லை, அதற்குப் பதிலாக எறும்பும் பல்லியும் உண்டு; கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் பல்லி முட்டையைக் கண்டவர்கள் அங்கே குறைவில்லை.

பிரிண்ட் கொடுக்கும்போது அணைவதற்கு வருகிறேன். உங்கள் லேசர் பிரிண்டரின் பிளக் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கணினியோடு சேர்த்து அதே யுபிஎஸ்ஸில் இருந்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். லேசர் பிரிண்டர் தாளில் மையைச் சூட்டால் உருக்கி ஒட்டுகிறது. அந்த உருளை சூடேறும் நொடிகளில் அது பல நூறு வாட் இழுக்கும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் அதைத் தாங்காமல் கணினியையும் சேர்த்து அணைத்துவிடும். பிரிண்டரைச் சுவரில் உள்ள தனி பிளக்குக்கு மாற்றுங்கள். யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் பேட்டரி மாற்றி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

அதன் பிறகும் அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகிக்கலாம். பயாஸ் திரையில் (விண்டோஸ் எழுவதற்கு முன் கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் திரை) ஹார்ட்வேர் மானிட்டர் என்ற பக்கத்தில் 12 வோல்ட் கோடு 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் கோடு 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். அந்த எண்கள் வெளியே போனாலோ, மதர்போர்டில் உள்ள உருளை வடிவக் கபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ கவனம் தேவை. எஸ்.எம்.பி.எஸ். கெட்டிருந்தால் மாற்றலாம், போர்டில் கபாசிட்டர்கள் உப்பியிருந்தால் மட்டும் அந்தக் கடைக்காரர் சொன்னதை நானும் ஒப்புக்கொள்வேன், இந்தக் கணினியில் மேற்கொண்டு காசு போட வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

தேதி மாறுவதற்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி. மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை இது, ஆனால் இதை அலட்சியம் செய்தால் பெரிய குழப்பம் வரும். தேதி தவறினால் வங்கி, அரசு இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று பிரவுசர் தடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். இன்னொன்று அவ்வளவாகத் தெரியாது: பேட்டரி தீர்ந்தால் தேதியோடு பயாஸ் அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். அந்தக் காலத்து எச்61 போர்டுகள் பலவற்றில் சாட்டா அமைப்பின் தொழிற்சாலை நிலை ஐடிஇ என்று இருக்கும்; டிஸ்க்கோடு பேசும் பழைய முறை அது, ஏஎச்சிஐ என்பது அதற்குப் பிந்தைய முறை. நீங்கள் ஏஎச்சிஐ முறையில் விண்டோஸ் நிறுவியிருந்தால், மின்சாரம் போய்வந்த ஒரு நாளில் நீலத்திரை வந்து விண்டோஸ் எழாமல் நின்றுவிடும். டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து ஃபார்மட் செய்துவிடுவார்கள். பயாஸில் ஒரே ஒரு வரியை மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய காரியம் அது. ஆகவே எஸ்.எஸ்.டி. போடுவதற்கு முன்பே புதிய பேட்டரி போட்டு, தேதியைச் சரிசெய்து, சாட்டாவை ஏஎச்சிஐ என்று மாற்றி வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் ஐடிஇ முறையில் நிறுவப்பட்டிருந்தால் மாற்றிய பிறகு அது எழாமல் போகலாம் என்பதால், தரவை எடுத்து முடித்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிராசஸரின் சூட்டை அதன் மேல் உள்ள ஹீட் சிங்க் என்ற உலோகக் கட்டிக்குக் கடத்தும் பேஸ்ட், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனதால், காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஹீட் சிங்கைக் கழற்றித் துடைத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து மாட்டினால் போதும். நான்கு மூலைப் பிளாஸ்டிக் கால்களும் 'டக்' என்ற சத்தத்தோடு உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டனவா என்று பலகையின் பின்பக்கத்திலும் பாருங்கள்.

இப்போது எஸ்.எஸ்.டி. உங்கள் போர்டில் எம்.2 வாய் கிடையாது. ஆகவே என்விஎம்இ என்று எழுதியிருக்கும் குச்சி வடிவ எஸ்.எஸ்.டி.யை விலை குறைவு என்று யாராவது தந்தாலும் வாங்காதீர்கள். வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. எச்61 சிப்செட்டின் சாட்டா வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட் மட்டுமே என்பதால், பெட்டியில் 550 எம்பி என்று போட்டிருப்பது உங்களிடம் 270, 280 எம்பி அளவில் நிற்கும். அதற்காக வருந்த வேண்டியதில்லை, ஏனென்றால் நீங்கள் உணரப்போகும் வேகம் சிறு ஃபைல்களை உடனுக்குடன் எடுப்பதில்தான் இருக்கிறது. 240 அல்லது 256 ஜிபி போதும். ஸ்கேன் படங்கள் அதிகம் என்றால் 480 வாங்கலாம். பெயர் தெரியாத நிறுவனத்தின் எஸ்.எஸ்.டி.யை அடிமாட்டு விலைக்கு வாங்குவதைவிட, குறைந்தது மூன்று ஆண்டு வாரன்டி உள்ள, சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்கக்கூடிய ஒன்றை நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் கடையில் பில்லோடு வாங்குங்கள்.

பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து எஸ்.எஸ்.டி.யில் போடலாம், ஆனால் பத்தாண்டுக் குப்பையும் சேர்ந்தே வரும் என்பதால் புதிதாக நிறுவுவதையே நான் பரிந்துரைப்பேன். நிறுவும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் பூட் செய்யத் தேவையான பகுதியை விண்டோஸ் பழைய டிஸ்க்கிலேயே எழுதிவைத்து, பின்னாளில் அதைக் கழற்றியவுடன் எழ மறுக்கும். 64-பிட் பதிப்பையே போடுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது 32-பிட் என்றால் எவ்வளவு ராம் போட்டாலும் நான்கு ஜிபிக்குள்தான் பயன்படும். 16-பிட் இன்ஸ்டாலர் கொண்ட மிகப் பழைய டிடிபி மென்பொருளை 64-பிட் விண்டோஸில் நிறுவ முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ராமில் இன்னொரு 4 ஜிபி சேர்த்து 8 ஆக்குங்கள். டிடிஆர்3 வகையில், டெஸ்க்டாப்புக்கான நீளமான குச்சியாக இருக்க வேண்டும். இப்போது இருப்பதைக் கையில் எடுத்துச்சென்று அதே அளவில், அதே வேகத்தில் கேட்டால் இரண்டும் இணைந்து வேலை செய்யும். இது பழைய சந்தைப் பொருள் என்பதால் கடையிலேயே போட்டுச் சோதித்து, ஒரு மாதமாவது மாற்றித்தரும் உறுதியோடு வாங்குங்கள். 16 ஜிபி தட்டச்சுக் கடைக்குத் தேவையில்லை. பிராசஸரை ஐ5-3470 ஆக மாற்றலாம், அதே சாக்கெட்தான். போட்டோஷாப் வேலை அதிகமில்லை என்றால் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு பேச்சே வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. தனிநபர்களின் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துத் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். உங்களுடையது மூன்றாம் தலைமுறை. குறுக்கு வழியில் நிறுவ முடியும், ஆனால் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் என்ற உறுதி இல்லை. ஊரார் ஆதார் நகலும் பான் அட்டையும் கொண்டுவந்து தரும் கடையில், யார் யாருடைய பென் டிரைவோ செருகப்படும் கணினியில், அந்த உறுதியில்லாத நிலையை நான் விரும்பமாட்டேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இந்தக் கணினியில் லகுவாக ஓடும், தமிழ்த் தட்டச்சும் உண்டு. ஆனால் உங்களிடம் இருப்பது கேனன் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் பிரிண்டர் என்றால் லினக்ஸில் அதன் டிரைவரை நிறுவி ஓட்டுவது எளிதல்ல. பென் டிரைவிலிருந்து நிறுவாமலே ஓட்டிப் பார்த்து, பிரிண்டரும் ஸ்கேனரும் பேசுகின்றனவா என்று தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள்.

ஆகவே எல்லை இதுதான்: பேட்டரி, பேஸ்ட், கேபிள், எஸ்.எஸ்.டி., ஒரு ராம். இவற்றின் மொத்தச் செலவு, எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பழைய அலுவலகக் கணினி ஒன்றின் விலையில் பாதியைத் தொட்டால் நின்றுவிடுங்கள். அந்தக் கணினியையே வாங்குவது மேல். வாரன்டியோடு புதுப்பித்து விற்கப்படும் அத்தகைய கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஓடும். எஸ்.எஸ்.டி.யில் தயங்காமல் பணம் போடலாம் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு: இந்தக் கணினி ஓய்ந்தாலும் அதை உருவி அடுத்ததில் மாட்டிக்கொள்ளலாம். ராமும் பிராசஸரும் அப்படிக் கூடவே வரமாட்டா.

மிஞ்சும் ஹார்ட் டிஸ்க் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் நீலமாக இருந்தால் யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வாரம் ஒருமுறை நகலெடுக்க வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் அது கணினியோடு இணைந்திருக்கக் கூடாது. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் இடி கேட்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கை உருவுங்கள், ஏனென்றால் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. இணையம் செம்புக் கேபிளில் வருகிறது என்றால் மோடத்திலிருந்து கணினிக்கு வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். இடியால் போன போர்டுகளில் பல அந்த வழியாக அடிபட்டவை.